கெரில்லா: குரங்கும் இல்லை, பெரிய போரும் இல்லை

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காகப் போர் வரலாற்றுச் சுவரொட்டிகளுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். அதில் ஒன்றின் தலைப்பு, ‘நெப்போலியனை அலைக்கழித்த கொரில்லாப் படை’. பக்கத்திலேயே, நெஞ்சில் அடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கருங்குரங்கின் படம். வடிவமைத்த பையனைத் திட்ட மனம் வரவில்லை. எழுதியிருந்தது கொரில்லா, அவன் தேடி எடுத்து வைத்ததும் கொரில்லா. தப்பு அவனுடையது இல்லை, நம் எழுத்துப் பழக்கத்தினுடையது.

இரண்டும் வேறு வேறு சொற்கள். சொந்தபந்தம்கூடக் கிடையாது. குரங்கின் பெயருக்கு வேர் ஒரு பழைய கடற்பயணக் குறிப்பு. கார்த்தேஜ் நகரத்து மாலுமி ஹான்னோ மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரமாகப் போனபோது உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த காட்டு மனிதர்களைக் கண்டதாக அதன் கிரேக்க வடிவம் சொல்கிறது. அவர்களுக்கு அது தரும் பெயர் ‘கொரில்லாய்’. அந்தப் பெயரைத் தாமஸ் சாவேஜ் என்ற அமெரிக்கர் 1847இல் எடுத்து அந்தக் குரங்குக்கு வைத்தார். போரைக் குறிக்கும் சொல்லோ ஸ்பானிய மொழிச் சொல், அதற்குள் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. இரண்டையும் ஆங்கிலேயர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உச்சரிக்கிறார்கள். நாம் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டோம். அவ்வளவுதான் நடந்தது.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ஸ்பானிய மொழியில் ‘கெர்ரா’ என்றால் போர். ‘இல்லா’ என்பது சிறுமையைக் காட்டும் விகுதி. நாம் ‘குட்டி’ சேர்த்துக் குட்டிச்சுவர், குட்டிக்கதை என்கிறோமே, அந்த வேலையை அங்கே விகுதி செய்கிறது. ‘வைனா’ என்றால் உறை. ‘வைனில்லா’ என்றால் சின்ன உறை. நீளக் காயாகத் தொங்குவதால் வந்த பெயர், நாம் ஐஸ்கிரீமில் சாப்பிடும் வெனிலா. அதே கணக்கில் ‘கெர்ரில்லா’ என்றால் சின்னப் போர், சில்லறைச் சண்டை. ஸ்பானியர் வாயில் அது ‘கெர்ரீயா’ என்று ஒலிக்கும். அந்த ‘கெர்ரா’கூட லத்தீன் சொத்து இல்லை. போருக்கு லத்தீனில் ‘பெல்லும்’ என்று ஒரு சொல் உண்டு. ‘கெர்ரா’வுக்கு மூலம் ஜெர்மானிய இனக் கூட்டங்களின் ‘வெர்ரா’. குழப்பம், கைகலப்பு என்று பொருள். ஆங்கிலத்தின் ‘வார்’ இதன் உடன்பிறப்பு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய மொழியில் கெரில்லா என்பது சண்டையையும் சண்டை போடும் கும்பலையும் குறிக்கும். அதில் இருக்கும் ஆள் ‘கெர்ரியேரோ’. ஆங்கிலம் அந்த வேறுபாட்டைக் காற்றில் விட்டு, ஆளையே கெரில்லா ஆக்கியது. ஆக, ‘இரண்டு கெரில்லாக்கள் பிடிபட்டனர்’ என்று நம் செய்தித்தாள் எழுதினால், சொல்லின் பிறந்த வீட்டுக் கணக்குப்படி பிடிபட்டவை இரண்டு சின்னப் போர்கள்.

சில்லறைச் சண்டைக்கான இந்தச் சாதாரணச் சொல் உலகச் சொல்லானதற்குக் காரணம் ஒரே ஒரு போர். போர் வரலாறு படிக்கிறவர்களிடம் நெப்போலியன் காலத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வாட்டர்லூவுக்குத்தான் ஓடுவார்கள். ஒரே நாள், 1815 ஜூன் 18, ஒரே வயல்வெளி, வரைபடத்தில் அம்புக்குறி போட்டு விளக்கிவிடலாம். என்னைக் கேட்டால் 1808 முதல் 1814 வரை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நடந்த தீபகற்பப் போர்தான் படிக்கப் படிக்க விடாது. அதற்கு அம்புக்குறி போடவே முடியாது.

கதை சுருக்கமாக: போர்ச்சுகலைப் பிடிக்கப் போகிறேன் என்று வழி கேட்டு 1807இல் ஸ்பெயினுக்குள் நுழைந்த பிரெஞ்சுப் படை அங்கேயே தங்கிவிட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. நெப்போலியன் ஸ்பானிய அரச குடும்பத்தை எல்லை தாண்டி பயோன் நகருக்கு வரவழைத்து, அப்பா, மகன் இருவரிடமும் முடியைப் பறித்து, தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் உட்கார வைத்தான். 1808 மே 2ஆம் தேதி மாட்ரிட் அரண்மனை வாசலில் கடைசி இளவரசனையும் வண்டியேற்றிக்கொண்டு போகப் பார்த்தபோது, கூடியிருந்த சனம் வண்டியின் வார்களை அறுத்தது. துப்பாக்கிகள் வெடித்தன. கத்தி, கட்டை, கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு ஊர் அடித்துக்கொண்டது. அன்று இரவும் மறுநாள் விடியற்காலையும் பிடிபட்டவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். ஓவியர் கோயா 1814இல் வரைந்த படத்தில், வெள்ளைச் சட்டையோடு இரண்டு கையையும் விரித்து நிற்கிறானே ஒருவன், அது அந்த விடியற்காலை.

அப்புறம் ஜூலையில் பைலேன் என்ற இடத்தில் சுமார் 18,000 பிரெஞ்சுப் படையினர் ஸ்பானியரிடம் சரணடைந்தார்கள். ஐரோப்பாவுக்கே நம்ப முடியவில்லை. நெப்போலியன் நேரில் வந்து டிசம்பரில் மாட்ரிட்டைத் திரும்பப் பிடித்தான். 1809 நவம்பரில் ஒக்கான்யாவில் ஸ்பெயினின் பெரிய படையும் நொறுங்கியது. வழக்கமான கணக்கில் போர் முடிந்திருக்க வேண்டும். சின்னப் போர் உண்மையில் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

அது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு ஆளைப் பார்த்தால் போதும். ஹுவான் மார்ட்டின் தியெஸ், காஸ்ட்ரில்யோ தே துவேரோ என்ற சிற்றூர்க்காரர், விவசாயி. பிரான்சிலிருந்து மாட்ரிட்டுக்குப் போகும் நெடுஞ்சாலையில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு பதுங்கியிருந்து, கடிதம் கொண்டுபோகும் பிரெஞ்சுத் தூதர்களை மடக்கினார். அவருடைய பட்டப்பெயர் ‘எல் எம்பெசினாடோ’. அவருடைய ஊர் ஓடையில் கிடக்கும் கருஞ்சேற்றுக்குப் ‘பெசினா’ என்று பெயர். அந்த ஊர்க்காரர்களைச் சேற்றுக்காரன் என்று கூப்பிடுவது அக்கம்பக்கத்து வழக்கம். போர் முடிந்தபின் அந்தக் கேலிப்பெயரிலிருந்து ஸ்பானிய மொழிக்கு ஒரு வினைச்சொல்லே கிடைத்தது: ‘எம்பெசினார்சே’, விடாப்பிடியாக நிற்பது. சேறு என்று தொடங்கிய சொல் பிடிவாதம் என்று முடிந்தது. சொல்லாராய்ச்சிக்காரனுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. ஆனால் அந்த மனிதருக்குக் கிடைத்தது வேறு. யாருடைய முடிக்காகச் சண்டை போட்டாரோ அந்த ஏழாம் ஃபெர்னாண்டோவின் ஆட்சியே அவரை 1825இல் கொன்றது.

பாதிரியார் மெரினோ, சலமாங்காப் பக்கத்துக் குதிரைவீரர் ஹூலியான் சாஞ்செஸ், நவாராவில் எஸ்போஸ் இ மினா என்று இன்னும் பலர். இவர்கள் செய்த பெரிய வேலை ஆட்களைக் கொன்றதுகூட இல்லை, கடிதங்களைப் பிடித்ததுதான். ஒரு கடிதம் போய்ச் சேர நூற்றுக்கணக்கில் குதிரைவீரர் காவலுக்குப் போக வேண்டிய நிலை வந்தது. பிடிபட்ட கடிதங்கள் ஆங்கிலத் தளபதி வெல்லிங்டனிடம் போயின. 1,400 அளவுக்கு எண்கள் கொண்ட பிரெஞ்சுச் சங்கேத முறையை 1812இல் ஜார்ஜ் ஸ்கோவெல் என்ற அவருடைய அதிகாரி உட்கார்ந்து உடைத்தார். ஸ்பெயினில் 3 லட்சத்துக்கும் மேல் பிரெஞ்சுப் படை இருந்த காலத்தில்கூட, வெல்லிங்டனை எதிர்க்க அதில் ஒரு பங்கைத்தான் ஓரிடத்தில் திரட்ட முடிந்தது. மீதி எல்லாம் சாலைக்கும் பாலத்துக்கும் ஊருக்கும் காவல் நின்றது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அதே வெல்லிங்டன் 1809இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. இங்கேதான் நம் பக்கத்துக் கிளைக்கதை ஒன்று சேர்கிறது. அந்த வெல்லிங்டன் வேறு யாரும் இல்லை, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 1799இல் இங்கே இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி. அதற்கடுத்த ஆண்டுகளில் மலபார்ப் பக்கம் படைப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. வயநாட்டுக் காட்டுக்குள் இருந்துகொண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தண்ணி காட்டிய பழசி ராஜாவைப் பிடிக்க அவர் போட்ட திட்டம் முடியுமுன் அவர் அங்கிருந்து போய்விட்டார். 1801இல் மருது சகோதரர்களைப் பிடிக்கப் போன கம்பெனிப் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஒரு மாதம் போல மெனக்கெட்டது. பகலில் மரத்தை வெட்டுவார்கள், புதருக்குள்ளிருந்து அடி விழும். கடைசியில் அந்தப் பாதையைக் கைவிட்டுத் திரும்பி, வேறு வழியாகத்தான் அக்டோபரில் காளையார்கோவிலுக்குள் நுழைந்தார்கள். மாட்ரிட் கலவரத்துக்கு ஏழு வருடம் முந்திய கதை இது. செயல் இங்கே இருந்தது, அந்தப் பெயர்தான் இன்னும் வந்து சேரவில்லை. மராட்டியர் அதற்குக் ‘கனிமீ காவா’ என்று தங்கள் மொழியிலேயே பெயர் வைத்திருந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

நேராக மொழிபெயர்த்தால் ‘சிறுபோர்’. அது உதவாது. சிறுபோர் என்றால் நமக்கு எல்லைத் தகராறுதான் நினைவுக்கு வரும். ‘மறைந்திருந்து தாக்குதல்’ என்று செய்திகளில் எழுதுகிறார்கள். அது ஒரு தடவை நடக்கும் தாக்குதலைச் சொல்கிறது, ஆறு வருடம் நடக்கும் போர்முறையைச் சொல்லாது. போதாக்குறைக்கு மறைந்து அடிப்பது என்றவுடன் நமக்கு வாலிதான் கண்முன் வருகிறான். ஒளிந்து நின்று அம்பு விட்டது முறையா என்று இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்துகிறோம். பிரெஞ்சுக்காரர்களும் இதே குற்றச்சாட்டைத்தான் வைத்தார்கள்; அவர்கள் அறிவிப்புகளில் கெரில்லாக்காரர் எல்லாரும் கொள்ளையர்.

நல்ல சொல் ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: கரந்தடிப் போர். ஈழத்து எழுத்துகளில் இது சாதாரணமாக வரும். தமிழ்நாட்டில்தான் இன்னும் கூச்சப்படுகிறோம். ‘கர’ என்றால் மறை, ஒளி. ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறளில், கிடைத்ததை ஒளிக்காமல் கூப்பிட்டு உண்ணும் காக்கையைச் சொல்கிறாரே, அந்தக் கரத்தல். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துவைக்கும் சித்திரகவிக்குக் கரந்துறைப் பாட்டு என்று பெயர். கரந்து உறைவது கரந்துறை, கரந்து அடிப்பது கரந்தடி. ஆளைக் குறிக்கக் கரந்தடி வீரர், கும்பலைக் குறிக்கக் கரந்தடிப் படை, ஒரு நிகழ்ச்சியைக் குறிக்கக் கரந்தடித் தாக்குதல் என்று பிரித்துக்கொள்ளலாம். ஸ்பானிய மொழியில் இருந்த வேறுபாட்டை ஆங்கிலம் தொலைத்தது. தமிழில் அது திரும்பக் கிடைக்கிறது. எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான்.

இதைக் கரந்தைத் திணையோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஒலி ஒத்துப்போகிறது, பொருள் ஒத்துப்போகவில்லை. கரந்தை ஒரு பூ. அதைச் சூடிக்கொண்டு போவது, பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்க. களவு, பதுங்கல் என்று பார்த்தால், பகைவரின் ஆநிரையைக் கவரப் போகும் வெட்சித் திணையாவது கொஞ்சம் கிட்டே வரும். ஆனால் தொல்காப்பியம் வெட்சி வீரரை ‘வேந்துவிடு முனைஞர்’ என்கிறது, அரசன் ஏவிப் போகிறவர்கள். எம்பெசினாடோவை எந்த அரசனும் ஏவவில்லை. ஏவ வேண்டிய அரசன் பிரான்சில் காவலில் இருந்தான்.

கரந்தடியும் முழுக்கப் பொருந்துகிறதா என்றால், இல்லை. மினாவின் படை நாளடைவில் ஆயிரக்கணக்கில் பெருகி, சீருடை போட்டு, வரி வசூலித்து, வெட்டவெளியிலும் சண்டை போட்டது. அவர்கள் ஒளிந்ததைவிட, ஊரில் எவரும் காட்டிக்கொடுக்காததுதான் பல நேரம் காப்பாற்றியது. அது ஸ்பானியச் சொல்லிலும் இல்லை, தமிழ்ச் சொல்லிலும் இல்லை. ஒன்று அளவைச் சொல்கிறது, மற்றது முறையைச் சொல்கிறது. ஒரு பெயர்ச்சொல்லிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

எல்லா இடத்திலும் மாற்றியாக வேண்டும் என்ற பிடிவாதமும் எனக்கு இல்லை. அனுமதி வாங்காமல் தெருவில் கேமராவை ஒளித்துவைத்துப் படம் எடுப்பதைச் சினிமாக்காரர்கள் ‘கெரில்லா ஷூட்டிங்’ என்கிறார்கள். அதைக் கரந்தடிப் படப்பிடிப்பு என்றால் நடிகர் அடிவாங்கினாரா என்று கேட்பார்கள். அங்கே கெரில்லாவே இருக்கட்டும், ‘கெ’ போட்டு. போரைப் பற்றி எழுதும்போது கரந்தடிப் போர். ‘கொ’ போடுவதைக் குரங்குக்கு விட்டுவிடலாம்.

அந்தச் சுவரொட்டியில் படத்தை மாற்றச் சொல்லி, தலைப்பில் ‘கரந்தடிப் படை’ என்று திருத்திக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பையனிடமிருந்து போன்: “சார், ஒரு எழுத்துப்பிழை விட்டுட்டீங்க. கரண்டின்னு மாத்திட்டேன்.”