ஆய்வகத்தில் விக்கிப்பீடியா பயிற்சியா? வீட்டிலேயே கணக்குத் தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் விக்கிப்பீடியா பயிற்சி. மாணவர்களைக் கணக்குத் தொடங்காமலேயே தொகுக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு பையன் தாமிரபரணி கட்டுரையில் நண்பன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுத, தடை விழுந்தது. அடுத்து அதே கணினியில் உட்கார்ந்த பிள்ளை, ஆழ்வார்குறிச்சி பற்றி ஒழுங்காக எழுதிய பத்தியைச் சேமிக்கவே முடியவில்லை. மறுநாள் அந்தக் கல்லூரியிலிருந்து எனக்குப் போன்: "புதுசா வார பிள்ளைகள இப்படி விரட்டுதீங்களே சார்!"

நான் கல்லூரி நூலகர். ராத்திரியில் விக்கியில் சுற்றுக்காவல் பார்ப்பவன், அதாவது புதிய தொகுப்புகளில் சேட்டை இருக்கிறதா என்று கவனிப்பவன். இப்படிப்பட்ட போன்கள் மிகுந்துவிட்டதால் எழுதுகிறேன்.

முன்பு கணக்கில்லாமல் தொகுத்தால், இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐ.பி. முகவரி கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கப் பதிவாகும். இப்போது ~ குறியோடு, ஆண்டும் எண்களுமாக ஒரு தற்காலிகக் கணக்கு தானாகவே உருவாகிறது. அது அந்த உலாவியோடு ஒட்டிக்கொண்டு 90 நாள் வரை இருக்கும். ஆய்வகக் கணினியில் முதல் ஆள் செய்த சேட்டை அடுத்த ஆள் தலையில் விடிவது இதனால்தான்.

சரி, இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது யார்? நாங்கள் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா நிருவாகிகள் யாரும் மென்பொருளை மாற்றுவதில்லை, யாருக்கும் சம்பளமும் கிடையாது. அது சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் விக்கிமீடியா அறக்கட்டளையின் வேலை. நிருவாகி என்றால் அலுவலக மேலாளர் மாதிரி என்று நினைக்கிறார்கள். பக்கத்தைப் பூட்டலாம், நீக்கலாம், ஆளைத் தடுக்கலாம், அவ்வளவுதான். 2014 ஆகஸ்டில் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் படங்களைப் பெரிதாகக் காட்டும் மீடியா வியூவரை நிறுத்தப் பார்த்தார்கள். நிருவாகிகளே கைவைக்க முடியாதபடி அறக்கட்டளை ஒரு பூட்டுப் போட்டது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2015 நவம்பரில்தான் அந்தப் பூட்டு போனது. அவ்வளவு பெரிய சமூகத்துக்கே அந்த நிலைமை.

ஐ.பி.யை மறைத்தது நல்லது என்பதுதான் என் கருத்து. சாதிப் பெயரை வைத்து ஓயாமல் மாற்றி எழுதப்படும் ஊர்க் கட்டுரைகள் நம் பக்கம் நிறைய. அதில் உண்மையை எழுதியவரின் முகவரி காலத்துக்கும் வெளியே கிடக்கக் கூடாது. ஆனால் காவல் பார்ப்பவர்களின் எரிச்சலும் நியாயம்தான். தென்காசி 2019இல் தனி மாவட்டமானது. அதில் சேர்ந்த கடையம் ஊர்க் கட்டுரையில் இன்றும் யாராவது திருநெல்வேலி மாவட்டம் என்று திருப்பிவிடுகிறார்கள். முன்பு ஒரே ஐ.பி. என்றால் பார்த்ததும் பிடிபடும். இப்போது உலாவியின் குக்கியை, அதாவது அதில் சேமித்திருக்கும் அடையாளக் குறிப்பை, அழித்தால் புதுப் பெயர். ஐ.பி.யைப் பார்க்கத் தனி அனுமதி வேண்டும். வேலை கூடியது எங்களுக்கு, ஏச்சும் எங்களுக்கு.

பயிற்சி நடத்தும் ஆசிரியர்களே, மாணவர்கள் வீட்டிலிருந்தே, அவரவர் மொபைல் இணையத்தில் கணக்குத் தொடங்கட்டும். ஆய்வகத்தில் தொடங்கினால் ஒரு ஐ.பி.க்கு நாளொன்றுக்கு 6 கணக்குதான். ஏழாவது பிள்ளை சும்மா உட்கார வேண்டியதுதான். தற்காலிகக் கணக்குக்கும் அதே வரம்பு உண்டு. முதல் நாள் மணல்தொட்டியை, அதாவது எழுதிப் பழகும் பக்கத்தை, தாண்ட விடாதீர்கள். எழுந்திருக்கும்போது கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லுங்கள். பாதி வம்பு அதிலேயே தீரும்.

மாற்றம் பிடிக்கவில்லையா? தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் எழுதுங்கள், நாங்களும் அங்கேதான் சண்டை போடுகிறோம். தயவுசெய்து, பயிற்சித் தேதியை ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள். வரம்பைத் தளர்த்தித் தரச் சொல்லி நாங்களே விண்ணப்பித்துவிடுவோம்.