ரீட்மீ கோப்பைத் திருத்தினால் பணம் வராது

நிரலை யாரும் படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றின் பராமரிப்பாளர்களில் நானும் ஒருவன். கல்லூரி விடுமுறை தொடங்கியதும், மென்பொருளின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்தோ அடியில் தம் பெயரை எழுதியோ மாணவர்கள் அனுப்பும் புல் ரெக்வெஸ்டுகள் (திருத்தத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பங்கள்) எங்களிடம் வந்து குவிகின்றன. அண்மையில் அப்படியொன்றை நிராகரித்தபோது, "சார், தயவுசெய்து மெர்ஜ் செய்யுங்கள், அப்போதுதான் பணம் வரும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்" என்று அந்த மாணவர் பதில் எழுதினார். அந்த வகுப்புக்கு அவருடைய வீட்டில் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தியிருக்கிறார்கள். இத்தகைய பதில்களை இனியும் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

புல் ரெக்வெஸ்ட் ஏற்கப்பட்டால் பணம் வரும் என்பது பொய். திருத்தங்கள் வந்துசேரும் தளமான கிட்ஹப் தராது, அந்த மென்பொருள் திட்டமும் தராது. ஏற்பவருக்கே பெரும்பாலும் ஊதியம் கிடையாது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்குக்கூட, 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்படும்வரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. பிழை கண்டால் பரிசு என்று அறிவிக்கும் திட்டங்கள் சில உண்டு. ஆனால் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய போலி அறிக்கைகளைச் சமாளிக்க முடியாமல், கர்ல் என்ற தரவுப் பரிமாற்ற மென்பொருள் திட்டம் 2019இல் தொடங்கிய தன் பரிசுத் திட்டத்தை 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டது.

பணம் வரும் வழிகள் வேறு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வரும் மாற்றங்களில் பெரும்பகுதியை எழுதுகிறவர்கள் நிறுவனங்களில் மாதச் சம்பளம் பெறும் பொறியாளர்கள். 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்ற பயிற்சித் திட்டம், வழிகாட்டிகளின் மதிப்பீட்டில் தேறியவர்களுக்கு நாட்டுக்கேற்ற உதவித்தொகை தருகிறது. 2022 முதல் மாணவரல்லாதோரும் விண்ணப்பிக்கலாம். அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டம், தேர்வானவர்களுக்கு 7,000 டாலர் உதவித்தொகை தருகிறது. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024இல் அறிவித்த ஃப்ளாஸ் ஃபண்ட், ஆண்டுக்கு 10 லட்சம் டாலரை ஒதுக்குகிறது. அது திட்டங்களுக்கான நிதியே தவிர, திருத்தம் அனுப்புகிறவர்களுக்கான கூலியன்று.

பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது, ஒருவர் எத்தனை புல் ரெக்வெஸ்ட் அனுப்பினார் என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்தப் பதிப்பில், எந்தக் கட்டளையை இட்டபோது பிழை வந்தது என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறாரா, நாங்கள் குறை சொன்ன பிறகு திருத்தி, சோதனைகளை ஓட்டிப் பார்த்து மீண்டும் அனுப்பினாரா என்பவற்றையே பார்க்கிறோம். இந்தப் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

மாணவர்களே, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளிலிருந்து தொடங்குங்கள். பங்களிப்பு விதிகளைப் படிக்காமல் எதையும் அனுப்பாதீர்கள். உங்களுக்கே புரியாத நிரலை எங்கள் தலையில் கட்டாதீர்கள். கிட்ஹப் கடவுச்சொல்லையோ அதற்கு ஈடான டோக்கனையோ எந்தப் பயிற்சியாளர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றே டோக்கனை ரத்து செய்து, கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெற்றோரே, மேலே சொன்ன இரண்டு பயிற்சித் திட்டங்களுக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அவற்றில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி யாரேனும் பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஏற்கெனவே இணையவழியில் செலுத்தி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளியுங்கள்.