சொட்டு மருந்தில் லென்ஸை ஊறப்போடாதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது. மண்டபம் ஊரிலிருந்து அம்மாவோடு வந்த கல்லூரிப் பெண், வெளிச்சம் தாங்காமல் துப்பட்டாவால் கண்ணைப் பொத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார். "கண்ணுல பூ விழுந்துருச்சா டாக்டர்?" என்றார் அம்மா. கருவிழியில் மிளகளவு வெள்ளைப் புண். கான்டாக்ட் லென்ஸ் டப்பியைத் திறந்தால், உள்ளே இருந்தது கடையில் தானாக வாங்கிய சொட்டு மருந்து. கண் வறட்சிக்காக இரவெல்லாம் அதில் லென்ஸை ஊறவைத்துக் காலையில் மாட்டியிருக்கிறார். லென்ஸே மருந்து கொடுக்கும் என்று ஏதோ வீடியோவில் பார்த்தாராம்.

அதில் பாதி உண்மை என்பதுதான் என் எரிச்சல். ஒரு சொட்டு மருந்தில் பெரும்பகுதி கன்னத்தில் வழியும், மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போகும். மருந்தை மென்லென்ஸில் ஏற்றி மெல்லக் கசியவிடலாம் என்ற யோசனை 1960களிலேயே உண்டு. அப்படிப்பட்ட ஒரு லென்ஸுக்கு ஜப்பான் 2021இலும் அமெரிக்கா 2022இலும் அனுமதி கொடுத்தன. அதிலிருப்பது கீட்டோடிஃபென், அலர்ஜி அரிப்புக்கான மருந்து, வறட்சிக்கு அல்ல. அளந்து ஏற்றியது, ஒரே நாளில் தூக்கிப்போடுவது.

உங்கள் லென்ஸ் அது இல்லை. பஞ்சு மாதிரி குடிக்கும், மாட்டிய சில மணி நேரத்தில் பெரும்பாலானதைக் கக்கிவிடும். எவ்வளவு குடித்தது, எவ்வளவு கக்கியது, யாருக்குத் தெரியும்? பல சொட்டு மருந்துகளில் கெடாமலிருக்கப் பென்சால்கோனியம் குளோரைடு சேர்ப்பார்கள். வெறும் கண்ணில் விட்டால் கண்ணீர் அதை அலசிவிடும். லென்ஸில் ஏறிக்கொண்டால் மணிக்கணக்கில் கருவிழி மேலேயே உட்கார்ந்து மேல்தோலை அரிக்கும். அப்புறம் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரிதான். லென்ஸிலுள்ள கிருமியை அந்தச் சொட்டு மருந்து கொல்லவும் கொல்லாது. போதாததற்கு, லென்ஸ் கண்ணீர்ப் படலத்தை இரண்டாகப் பிரித்து வறட்சியைக் கூட்டும்.

"போன தடவை நீங்களே லென்ஸ் வச்சு மேல சொட்டு விட்டீங்களே" என்று ஒருவர் மடக்கினார். அது புண் ஆற நாங்கள் வைக்கும் கட்டு ஐயா, பின்னாடியே கூப்பிட்டுப் பார்க்கிறோம்.

பாம்பன் பாலத்தில் பத்து நிமிடம் நின்றாலே கண் எரிகிற காற்று நம்முடையது. வண்டியில் போகும்போது கண்ணாடி போடுங்கள். லென்ஸைக் குழாய்த் தண்ணீரிலோ கிணற்றுத் தண்ணீரிலோ கழுவாதீர்கள். அகாந்தமீபா என்று தண்ணீரில் வாழும் கிருமி ஒன்று இருக்கிறது, கண்ணுக்கு வந்தால் மாதக்கணக்கில் விடாது. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுகிறவர்கள் தயவுசெய்து லென்ஸைக் கழற்றிவிட்டு ஆடுங்கள். கண் சிவந்து, வலித்து, கூசினால் அன்றைக்கே வாருங்கள், டப்பியோடு.

அந்தப் பெண்ணுக்கு இப்போது மணிக்கொரு சொட்டு, இரவிலும். விடிகாலையில் கருவாடு காயப்போடப் போக வேண்டிய அம்மாதான் அலாரம் வைத்து எழுந்து ஊற்றுகிறார்.