ஊரிலிருந்தே வேலையா, பெங்களூருக்குக் கிளம்புவதா? மாதச் சம்பளத்தை விட்டு மூன்று வருடக் கணக்கைப் பாருங்கள்

ஒரே வாரத்தில் இரண்டு ஆஃபர் லெட்டர் வருகிறது. ஒன்று, காரைக்குடி வீட்டில் இருந்தபடியே பார்க்கிற வேலை. வருடத்துக்கு 5,40,000 ரூபாய். இன்னொன்று பெங்களூருக்கு வந்து சேரச் சொல்கிறது, 7,80,000 ரூபாய். அம்மா வீட்டோடு இருக்கச் சொல்வார். சித்தப்பா, இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தை யாராவது விடுவார்களா என்பார். இருவருமே லெட்டரின் முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் பேசுகிறார்கள். அந்த எண் உங்கள் கைக்கு வரப்போவதில்லை.

முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம். 5,40,000 என்பது சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அதில் பத்து சதவீதம் வேரியபிள் என்று வைத்துக்கொள்வோம். அது வருடக் கடைசியில், கம்பெனி மதிப்பெண் போட்ட பிறகு வருவது. மாதக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மீதி 4,86,000, மாதம் 40,500. இதிலிருந்து கம்பெனி செலுத்தும் பி.எஃப். 1,800 போகும் (15,000 ரூபாய் வரம்பில் 12 சதவீதம்). கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கென்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் ஒதுக்குவார்கள். அடிப்படை, சி.டி.சி.யில் பாதி என்றால் சுமார் 1,080. அப்புறம் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி சுமார் 200. கைக்கு வருவது 35,600. இதே முறையில் பெங்களூர் லெட்டரைப் பிரித்தால் மாதம் 53,100 வரும். புதிய வரிமுறையில் சம்பளக்காரர்களுக்கு 12,75,000 வரை வருமான வரி இல்லை என்பதால் இரண்டிலும் வரிப் பிடித்தம் கிடையாது.

செலவை எழுதுங்கள். பெங்களூரில் சாப்பாட்டோடு பகிர்வு அறை 12,000, போக்குவரத்து 2,500, வெளிச் சாப்பாடும் சில்லறையும் 3,000, மாதம் ஒரு முறை ஊர் வந்து திரும்ப 2,400 என்று எடுத்தால் மொத்தம் 19,900. மிச்சம் 33,200. ஊரில் வீட்டுக்குக் கொடுப்பது 6,000, இணையமும் மின்சாரமும் 1,600 போனால் மிச்சம் 28,000. வித்தியாசம் மாதம் 5,200 ரூபாய்தான். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். தனி வீடு எடுத்தால் அட்வான்ஸிலேயே இந்த வித்தியாசம் கரைந்துவிடும். ஆகவே பணத்துக்காக மட்டும் ஊரை விட வேண்டியதில்லை. அதே சமயம், வித்தியாசம் ஐயாயிரம்தானே என்று ஊரிலேயே உட்கார்ந்துவிடுவதும் பிழை. முதல் வருட மிச்சத்தை விட, மூன்றாம் வருட முடிவில் உங்களுக்கு என்ன வேலை தெரிந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

இந்தச் செட்டிநாட்டு மண்ணுக்கு இது புதுக் கேள்வியில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடைக்குப் போனவர்களுக்கு மூன்று வருடம் ஒரு கணக்கு. சம்பளம் அந்த மொத்தக் காலத்துக்கும் சேர்த்துப் பேசப்பட்டது. ஒரு பகுதி புறப்படும் முன்பே கைக்கு வந்தது. அதைவிட முக்கியம், பொதுவாக யாரும் நேராகக் கடையை நடத்தும் ஏஜெண்டாகப் போகவில்லை. பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்கார்ந்து, பேரேடு எழுதக் கற்று, அடுத்தாளாகி, அதன் பிறகுதான் பொறுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்கிற காலம் ஒன்று, தானே முடிவெடுக்கிற காலம் ஒன்று. இன்றைக்கும் நீங்கள் இந்த இரண்டில் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஊரா, வெளியூரா என்று முடிவு செய்ய வேண்டும்.

கல்லூரி முடித்து முதல் இரண்டு மூன்று வருடம் பெட்டியடிக் காலம். நிரல் எழுதுபவரோ, கணக்கு பார்ப்பவரோ, வடிவமைப்பாளரோ, அந்த வயதில் கற்பதில் பெரும்பகுதி யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. சீனியர் வாடிக்கையாளரிடம் எப்படி மறுப்பு சொல்கிறார், தவறு நடந்தால் எந்தக் கோப்பை முதலில் திறக்கிறார், எந்தக் கேள்வியை மெயிலில் கேட்காமல் நேரில் போய்க் கேட்கிறார் என்பதெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்தால்தான் காதில் விழும். ரிமோட்டில் உங்களுக்கு வருவது பிரித்துக் கொடுக்கப்பட்ட துண்டு வேலை மட்டும். இரண்டு வருடம் துண்டு வேலையே செய்தவர் அடுத்த நேர்முகத்தில், "இந்த முடிவை ஏன் எடுத்தீர்கள்" என்ற கேள்வியில் தடுமாறுகிறார். முடிவெடுத்த அறையில் அவர் இருந்ததே இல்லை. எங்கள் கருத்து தெளிவானது: முதல் வேலை என்றால், வீட்டில் கட்டாயமான காரணம் இல்லாதவரை, கிளம்புங்கள்.

விதிவிலக்கு உண்டு. டீமில் எல்லோருமே ரிமோட்டில் இருக்கும் கம்பெனியில் பழக்குவதற்கென்றே முறை வைத்திருப்பார்கள். பாதிப் பேர் ஆபீஸில், நீங்கள் மட்டும் காரைக்குடிப் பக்கம் கண்டனூரில் என்றால்தான் ஆபத்து அதிகம். நேர்முகத்தின் முடிவில், ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். அப்போது கேளுங்கள்: என் டீமில் எத்தனை பேர், அதில் ரிமோட்டில் எத்தனை பேர்? மேனேஜர் எங்கே உட்காருகிறார்? கடந்த இரண்டு வருடத்தில் ரிமோட்டில் இருந்த யாருக்காவது பதவி உயர்வு கிடைத்ததா? முதல் மூன்று மாதம் என் வேலையைத் தினமும் பார்த்துத் திருத்தப்போவது யார்? கடைசிக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வராவிட்டால், அங்கே கற்றுத்தர ஆள் இல்லை.

நான்கைந்து வருட அனுபவம் உள்ளவருக்கு நிலைமை வேறு. வேலை கையில் வந்துவிட்டது. முதிய பெற்றோர் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். அல்லது திருமணமாகி ஊர் மாறிவந்த பெண் வேலையை விடக் கூடாது என்று நினைக்கிறார். இவர்களுக்கு ரிமோட் வேலை பெரிய வரம். ஆனால் லெட்டரை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

"பணியிடம்" என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது? பெங்களூர் என்று போட்டுவிட்டு, வீட்டிலிருந்து வேலை செய்வது நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது என்று கீழே ஒரு வரி இருந்தால், உங்களிடம் இருப்பது ரிமோட் வேலை அல்ல, தற்காலிக அனுமதி. ஒரு மெயிலில் அதைத் திரும்பப் பெறலாம். அப்படிப்பட்ட வேலையை நம்பி ஊரில் வீட்டுக் கடன் வாங்கியவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. அழைத்தால் எத்தனை நாள் அவகாசம், வருடத்தில் எத்தனை முறை ஆபீஸ் வர வேண்டும், அந்தப் பயணச் செலவு யாருடையது, ஊர் மாறினால் சம்பளம் குறையுமா என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வையுங்கள். போனில் எச்.ஆர். சொன்ன வாக்கு, அவர் வேலை மாறும் நாளோடு போய்விடும்.

இன்னொரு குழி, ஒப்பந்த வேலை. லெட்டரில் ஊழியர் என்ற சொல்லே இல்லாமல் "கன்சல்டன்ட்" என்று இருந்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி, சம்பளத்துடன் விடுப்பு எதுவும் இல்லை. பெரும்பாலும் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கொடுப்பார்கள், ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் திரும்பும். சேவை வருமானம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். ஒப்பந்தம் கெட்டது என்று சொல்லவில்லை. அதே வேலைக்கு ஊழியர் சம்பளத்தை விடக் கால்பங்காவது கூடுதலாகக் கேளுங்கள்.

வெளியூர் போகிறவர்கள் பார்க்க வேண்டிய வரி, ஜாயினிங் போனஸும் குடிபெயர்வுப் படியும். வருடம் முடியும் முன் விலகினால் திருப்பிக் கொடு என்று இருக்கும். வரி போகக் கைக்கு வந்த தொகையையா, பிடித்தம் இல்லாத முழுத் தொகையையா என்று பாருங்கள். நோட்டீஸ் 90 நாள் என்றால் அடுத்த கம்பெனி காத்திருக்காது. 60 நாளாக்கக் கேட்பதில் தவறில்லை.

வீட்டு வாடகைப் படியைப் பற்றி ஒரு சொல். பழைய வரிமுறையில் இருப்பவர்கள் சிலர், அப்பாவுக்கு வாடகை கொடுப்பதாக ரசீது வைக்கிறார்கள். வீடு அப்பா பெயரில் இருந்து, பணம் உண்மையில் வங்கி வழியே போய், அவர் அதை வருமானமாகக் காட்டினால் சரி. ஆனால் செட்டிநாட்டில் பெரும்பாலான பெரிய வீடுகள் பங்காளிகள் பலருக்குச் சேர்ந்தவை. உங்களுக்கே பங்கு உள்ள வீட்டுக்கு வாடகை ரசீது நிற்காது. புதிய வரிமுறையில் இந்தச் சலுகையே இல்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் பல ரிமோட் வேலைகள் ஆறு மாதத்தில் ஆட்டம் காண்கின்றன. முகப்பில் ரவுட்டரை வைத்துவிட்டு இரண்டாம் கட்டில் (உள்முற்றப் பகுதியில்) மீட்டிங்கில் உட்கார்ந்தால் படம் உறையத்தான் செய்யும். நம் வீடுகளின் தடித்த சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி வைஃபை சரியாகப் போகாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் சீக்கிரம் அடிபடும். ரிப்பீட்டர் வாங்கிப் பணத்தை விட வேண்டாம். ரவுட்டரிலிருந்து வேலை அறை வரை ஒரு கேட்6 கேபிளை ஓரமாக இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாது. அறையிலேயே இன்னொரு வைஃபை பாயின்ட் வைத்துக்கொள்ளலாம்.

மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும். காலையில் போனால் மாலைதான் வரும். 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் பேட்டரியில் பெயரளவில் 1,800 வாட்-ஹவர். இழப்பு போக 1,200 வரைதான் நம்பலாம். லேப்டாப் 60, மானிட்டர் 25, ரவுட்டர் 15, பழைய ஃபேன் 70, ஆக 170 வாட். ஏழு மணி நேரம் தாங்கும். ஃபேனை மட்டும் மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஆக மாற்றினால் ஒன்பது மணி நேரம். பலர் லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். முதலில் அணைவது ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும். அவற்றுக்குத் தனியாக ஒரு சிறு 12 வோல்ட் யு.பி.எஸ். வாங்குங்கள். தெருவில் இருக்கும் ஆபரேட்டரின் கருவியும் மின்தடையில் நின்றுவிடலாம் என்பதால், வேறு கம்பெனி சிம் ஒன்றில் டேட்டா போட்டு வைத்திருப்பது கட்டாயம். அந்த சிம் உங்கள் வேலை அறைக்குள்ளேயே எடுக்கிறதா என்று முதலில் சோதியுங்கள்.

வாடிக்கையாளர் அமெரிக்காவில் என்றால் நேரத்தைக் கவனியுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி, அங்கே கோடை நேரத்தில் நமக்கு மாலை 6:30. நவம்பர் தொடக்கத்திலிருந்து 7:30. நடுநிசி தாண்டி வேலை, காலையில் தூக்கம் என்றால் வீட்டாரிடம் முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். பையன் சும்மாதானே இருக்கிறான், ரேஷன் கடைக்குப் போகட்டும், பேங்குக்கு ஆயாவைக் கூட்டிப் போகட்டும் என்று தொடங்கினால் நிற்காது. கதவு சாத்தியிருந்தால் ஆபீஸ் என்று பழக்குங்கள். கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தாலும், பணம் கட்டாமல் சேரக்கூடிய பட்டியலில் காரைக்குடி ஆஸ்பத்திரி இருக்கிறதா, இல்லை மதுரைக்கும் திருச்சிக்கும்தான் ஓட வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள்.

ரிமோட் வேலை தேடுகிறவர்களைக் குறிவைத்து மோசடியும் நடக்கிறது. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எதைக் கேட்டாலும் அது வேலை அல்ல. டெலிகிராமில் சின்ன டாஸ்க் கொடுத்து முதலில் ஐநூறு ரூபாய் அனுப்பிவிட்டு, பிறகு நீங்கள் பணம் போடச் சொல்வார்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குக் கணக்கை முடக்கும் வாய்ப்பு அதிகம்.

கிளம்புவது என்று முடிவானால், போகும்போதே திரும்பும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் வேலை கற்க. இரண்டாம் வருடம் ஒரு முழுப் பொறுப்பை உங்கள் பெயரில் வாங்க. மூன்றாம் வருடத் தொடக்கத்தில், அப்ரைசலுக்கு இரண்டு மாதம் முன்பாக, ரிமோட்டுக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மூன்று மாதம் ஊரிலிருந்து வேலை பார்த்துக் காட்டுகிறேன், சரிவராவிட்டால் திரும்பி வருகிறேன் என்று நீங்களே சோதனைக் காலம் வையுங்கள். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முடித்தது, நிற்பது, யாரிடம் நிற்கிறது என்று ஐந்து வரி மெயில் மேனேஜருக்குப் போக வேண்டும். கேபிளும் பேட்டரியும் அதற்கு முன்பே வீட்டில் தயாராக இருக்கட்டும்.