பனிப்புயலின் ஓரம் எங்கே?

2015 ஜனவரி 26 இரவு நியூயார்க் நகரம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. இரண்டடிக்கு மேல் பனி குவியக்கூடும் என்று எச்சரிக்கை. சாலைகளில் வாகனங்களுக்குத் தடை. சுரங்க ரயில், அதன் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பனிக்காக நிறுத்தப்பட்டது. விடிந்து சென்ட்ரல் பார்க்கில் அளந்தால் 9.8 அங்குலம். ஆனால் அங்கிருந்து கிழக்கே சுமார் 75 கி.மீ. தள்ளி, லாங் தீவில் இருக்கும் ஐஸ்லிப்பில் 24.9 அங்குலம். புயல் வரத்தான் செய்தது. அதன் ஓரம்தான் சற்று நகர்ந்துவிட்டது.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் பனிப்புயல்களைத் தொடரும் ஆர்வலர்கள் குளிர்காலம் முழுக்க வாதிடுவது இந்த ஓரத்தைப் பற்றித்தான்.

இவ்வகைப் புயலுக்கு அங்கே ‘நார்ஈஸ்டர்’ என்று பெயர். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் நாம் சொல்வதுபோல, இதுவும் கரையில் காற்று வீசும் திசையால், அதாவது வடகிழக்கால், வந்த பெயர். கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்று அப்பலாச்சிய மலைத்தொடருக்குக் கிழக்கே தேங்கி நிற்கும். சற்றுத் தள்ளிக் கடலில் வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பு. இரண்டும் உரசும் கரையோரத்தில், மேல்வளியில் ஒரு சலனம் வந்து சேர்ந்தால் காற்றழுத்தத் தாழ்வு விறுவிறுவென்று வலுப்பெறும்.

அது எந்த வழியாகப் போகிறது என்பதுதான் எல்லாம். வடக்கு 40 பாகை, மேற்கு 70 பாகை. நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே சுமார் 140 கி.மீ. தூரத்துக் கடற்புள்ளி. ஆர்வலர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் அடையாளம் இது. தாழ்வின் மையம் இதையொட்டிப் போனால் பாஸ்டன் பக்கம் நல்ல பனி விழ வாய்ப்பு. கரையை நெருங்கிப் போனால் கடலின் வெப்பம் உள்ளே புகுந்து, பனி மழையாகிவிடும். கிழக்கே விலகினால் எல்லாம் கடலோடு போய்விடும்.

ஓரம் ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது? மையத்துக்கு வடமேற்கே ஈரக்காற்று குறுகிய பட்டைகளாக மேலெழுகிறது. அந்தப் பட்டைக்குள் மணிக்கு இரண்டு மூன்று அங்குலம் பனி கொட்டும். மேலெழும் காற்றுக்கு ஈடாகப் பக்கத்திலேயே காற்று கீழிறங்கியாக வேண்டும். இறங்கும் காற்று வறண்டு, பனியை அடக்கிவிடும். ஆகவே பட்டைக்கு வெளியே இருப்பவருக்கு இழப்பு இரட்டிப்பு. அன்று அந்தப் பட்டை லாங் தீவின் மேல் நின்றது. சென்ட்ரல் பார்க் இருக்கும் மன்ஹாட்டன் அதற்கு வெளியே இருந்தது.

வானிலையைக் கணினியில் கணக்கிட்டு முன்கணிக்கும் மாதிரிகளில், அன்று புகழ்பெற்ற ஐரோப்பிய மாதிரி நகரத்துக்குப் பெரும்பனி சொன்னது; அமெரிக்க மாதிரியான ஜிஎஃப்எஸ் குறைவாகவே காட்டியது. இதை வைத்து ‘எது சிறந்த மாதிரி’ என்று சண்டையிடுவது வீண் என்றே நினைக்கிறேன். தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே மாதிரியைப் பல முறை ஓட்டிப் பார்க்கும் தொகுப்புக் கணிப்புகள் இருக்கின்றன. ஐரோப்பிய மாதிரியை நடத்தும் வானிலை மையம் அப்படி 50 ஓட்டங்களை ஓட்டுகிறது. அந்த ஐம்பது பாதைகளும் ஒன்றாக நெருங்கியிருந்தால் நம்பலாம். விரித்த விசிறிபோல் இருந்தால், ‘24 அங்குலம்’ என்ற ஒற்றை எண்ணுக்குப் பொருளே இல்லை. அனுபவமுள்ள ஆர்வலர் முதலில் பார்ப்பது இந்த விசிறியை. புதியவர் கண்ணில் படுவதோ இருப்பதிலேயே பெரிய எண். இரவு பத்தரைக்கு ஜிஎஃப்எஸ் படங்கள் வரத் தொடங்கும். ஐரோப்பியப் படங்களுக்காக ஒரு மணி வரை விழித்திருப்பார்கள்.

பாதை சரியாக அமைந்தாலும் ஆழம் தவறலாம். ஓரங்குல நீர் பத்தங்குலப் பனியாகும் என்பது பொதுக்கணக்கு. கடுங்குளிரில் அது பஞ்சுபோல் 15, 20 அங்குலமாகும். உருகுநிலையை ஒட்டி ஐந்தாறு அங்குல ஈரச்சேறாகச் சுருங்கும்.

அதனால் அளப்பதும் ஒரு கலை. கட்டடத்தையும் மரத்தையும் விட்டு விலகிய திறந்தவெளியில் வெள்ளை அடித்த பலகை ஒன்றை வைக்கிறார்கள். அளவுகோலைச் செங்குத்தாக இறக்கிப் படித்து, பலகையைத் துடைத்து, புதுப்பனியின் மேல் மீண்டும் வைக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக் கூடாது என்பது விதி. பனி தன் எடையாலேயே அமுங்கும். மணிக்கொருமுறை துடைத்துக் கூட்டினால் இல்லாத அங்குலங்கள் கணக்கில் ஏறிவிடும். இப்படிப் பல ஊர்களின் கொல்லைப்புறங்களில் தன்னார்வலர்கள் படித்துச் சொல்லும் எண்களைக் கோத்துத்தான், புயல் ஓய்ந்த மறுநாள், அதன் ஓரம் உண்மையில் எந்தத் தெருக்களின் வழியே போனது என்று வரைபடத்தில் கோடு இழுக்கிறார்கள்.