கிடா வெட்டு, குர்பானி: சட்டம் எதை அனுமதிக்கிறது?

குலசாமிக்குக் கிடா வெட்டினாலும் பக்ரீத்துக்குக் குர்பானி கொடுத்தாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "இதெல்லாம் மிருகவதை இல்லையா?"

1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 28-ஆவது பிரிவு ஒரே ஒரு வரிதான். ஒரு சமூகத்தின் மதம் வேண்டுகிற முறையில் விலங்கைக் கொல்வது இந்தச் சட்டப்படி குற்றமாகாது என்கிறது. எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை.

சரி, அப்படியானால் எதுவும் செய்யலாமா? முடியாது. விலக்கு கொல்லும் முறைக்கு மட்டும்தான். மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு உடம்பைச் சிலிர்த்து 'உத்தரவு' கொடுக்கும்வரை பொறுமையாக நிற்கிறோம். அதே ஆட்டை நாலு காலையும் கட்டி பைக்கில் தொங்கவிட்டுக் கொண்டுவந்திருந்தால் அது 11-ஆவது பிரிவில் குற்றம். சந்தையிலிருந்து வேனில் மூச்சுத் திணற அடைத்து வருவதும், தீனி தண்ணீர் இல்லாமல் கட்டிப்போடுவதும் அப்படித்தான். ஆடு அதிகம் தவிப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். சண்டை என்னவோ கத்தியைப் பற்றியே நடக்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்! பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட தொகை.

அடுத்தது இடம். இதே சட்டத்தின் கீழ் வந்த 2001-ஆம் ஆண்டு அறுப்புக்கூட விதிகளின்படி நகராட்சி எல்லைக்குள் அனுமதி பெற்ற அறுப்புக்கூடத்தில் மட்டுமே அறுக்கலாம். சினை ஆடு, மூன்று மாதம் நிறையாத குட்டி, அத்தகைய குட்டியுள்ள தாய் ஆகியவற்றை அறுக்கக் கூடாது. கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது.

மாடு, எருமைக்குத் தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. பொதுவாக, பத்து வயது தாண்டியது, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்ற சான்று இல்லாமல் அறுக்க முடியாது.

கோயில் பலிக்கு இங்கே தடை இருக்கிறது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். இருந்தது. 1950-இல் வந்த பலித் தடைச் சட்டம் ஏட்டிலேயே கிடந்தது. 2003-இல் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பியது. 2004-இல் அதே அரசு சட்டத்தையே நீக்கிவிட்டது.

கேரளத்தில் 1968-இல் வந்த இதே போன்ற சட்டம் நீக்கப்படவில்லை. அது கோயிலில் தெய்வத்துக்குப் பலியிடுவதைத் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு அறுப்பதைத் தடுக்கவில்லை. இது என்ன நியாயம் என்ற வழக்கை 2020-இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது. பாலக்காட்டுப் பக்கம் குலசாமி இருப்பவர்கள் கிடாவோடு கிளம்பும் முன் இதைக் கவனிக்கவும்.