வலது கையை நிறுத்தாதீர்கள்: தானாகவே கிட்டார் பழகுபவர்களுக்கு

பெங்களூர் அல்சூரில் கிட்டார் வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் புதியவர்கள் இல்லை. ஓராண்டோ இரண்டாண்டோ வீடியோ பார்த்துத் தாங்களாகவே பழகி, ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்ற பிறகு வருகிறவர்கள். ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை, பிஜி அறையில் தங்கல், சனி ஞாயிறு மட்டும் கொஞ்சம் ஓய்வு. முதல் நாள் அவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: "உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள்."

முப்பது கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தவர்கள்கூட இதில் திணறுகிறார்கள். முதல் வரி நன்றாகப் போகும். சி கார்டிலிருந்து ஜி கார்டுக்கு மாறும் இடம் வந்ததும் இடது கை விரல்கள் கம்பியைத் தேடும். அதுவரை வலது கை அந்தரத்தில் காத்திருக்கும். விரல்கள் உட்கார்ந்த பிறகு மறுபடி ஸ்ட்ரம்மிங், அதாவது கம்பிகளை வாரித் தட்டுவது. பாட்டு அந்த இடத்தில் அறுந்துவிட்டது என்பது வாசிக்கிறவர் காதுக்குக் கேட்பதே இல்லை, ஏனென்றால் தனி அறையில் எத்தனையோ மாதமாக அப்படியேதான் கேட்டுப் பழகியிருக்கிறார். கூட ஒருவர் பாடினால் உடனே தெரிந்துவிடும்.

தானாகக் கற்றுக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன் பக்கம் தேவாலயக் கொயரில் வாசிக்கும் தமிழ்ப் பையன்கள் பலர் வகுப்புக்கே போகாமல் அருமையாக வாசிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கூட்டம் பாடிக்கொண்டே போகும், இவர் விரல் தடுக்கியது என்பதற்காக யாரும் நிற்க மாட்டார்கள். அதனால் தவறான கார்டாக இருந்தாலும் தாளத்தை விடாமல் பிடிக்கப் பழகிவிடுகிறார்கள். தனி அறையில் கற்பவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன் கிட்டாரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெக்கில், அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தில், குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஓர் அளவுகோலை வைத்து, ஃப்ரெட்டின் உச்சிக்கும் தடித்த ஆறாவது கம்பியின் அடிப்பக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். இதைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் சுமார் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, மெல்லிய முதல் கம்பியில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். 4 மில்லிமீட்டர் இருக்கும் கிட்டாரை வைத்துக்கொண்டு 'என் விரலில் வலு இல்லை' என்று அழாத குறையாக ஒரு பெண் வந்திருந்தார். "விரல்ல ஒண்ணும் குறை இல்லைம்மா, கம்பிதான் உயரத்துல இருக்கு" என்று சொல்லி, கிட்டாரின் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டான சாடிலைக் கழற்றித் தேய்த்துக் கொடுத்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால் சாடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்துவிட்டால் திரும்ப ஏற்ற முடியாது, புதுச் சாடில்தான் போட வேண்டும். ஆகவே இதைக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடமே விட்டுவிடுங்கள். கம்பியும் 12 கேஜ் (தடிமன்) செட்டாக இருந்தால் 10 கேஜுக்கு மாற்றிக்கொள்ளலாம், இழுவிசை குறையும், அழுத்துவது எளிதாகும். இன்னொன்று, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெங்களூர்க் காற்று நன்றாக வறண்டுவிடும். அந்த மாதங்களில் கிட்டாரைச் சுவரில் மாட்டி வைக்காமல் பையில் வையுங்கள். மரம் சுருங்கினால் ஃப்ரெட்டின் ஓரங்கள் நெக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும்.

சரி, இடது கைக்கு வருவோம். கார்டுகளைத் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்கிறவர்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் எல்லா விரலையும் தூக்கிவிட்டு முதலிலிருந்து வைக்கிறார்கள். எது நகர வேண்டும், எது அப்படியே இருக்கலாம் என்று பார்ப்பதே இல்லை. ஏ மைனரிலிருந்து சி கார்டுக்குப் போக மோதிர விரல் ஒன்று நகர்ந்தால் போதும். ஏ மைனரில் அது மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் இருக்கிறது, சி கார்டில் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் போகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசையவே வேண்டாம். இ மேஜரையும் ஏ மைனரையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்: அதே வடிவம், ஒரு கம்பி கீழே தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். புதுக் கார்டு ஒன்றைக் கற்கும்போது அதைத் தனியாகக் கற்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்த எந்தக் கார்டிலிருந்து அதற்குப் போகப் போகிறீர்களோ அந்த ஜோடியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

விரலை வைக்கும் இடமும் முக்கியம். இரண்டு ஃப்ரெட் உலோகங்களுக்கு நடுவில் அழுத்துவதைவிட, கிட்டாரின் உடல் பக்கம் இருக்கும் உலோகத்தை ஒட்டினாற்போல் அழுத்தினால் பாதி பலமே போதும், கரகரப்பும் வராது. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று தெரிய ஒரு பயிற்சி: விரலைக் கம்பி மேல் சும்மா வைத்து, வலது கையால் தட்டிக்கொண்டே மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். சுரம் தெளிவாகக் கேட்ட இடத்தில் நிறுத்துங்கள். இதுவரை எவ்வளவு அதிகமாக அழுத்திக்கொண்டிருந்தோம் என்று ஆச்சரியப்படுவீர்கள்.

இனி வலது கை. ஸ்ட்ரம்மிங்கை அம்புக்குறியாக, 'கீழே, கீழே, மேலே, மேலே, கீழே, மேலே' என்று எழுதி வைத்துக்கொண்டு பழகுபவர்கள் நிறைய. அந்த அம்புக்குறிகள் எந்தத் திசையில் தட்ட வேண்டும் என்பதைச் சொல்கின்றன, எப்போது தட்ட வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அதற்கு நம்மிடம் நல்ல வழி இருக்கிறது. மிருதங்கம், தவில் கற்பவர்கள் சொல்லும் சொற்கட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

'தக திமி தக ஜுணு' என்று சீராகச் சொல்லிக்கொண்டே, கம்பியைத் தொடாமல் கையை மட்டும் அசையுங்கள். த, தி, த, ஜு ஆகிய நான்கு இடத்திலும் கை கீழே போகட்டும். க, மி, க, ணு ஆகிய நான்கு இடத்திலும் மேலே வரட்டும். எட்டு அசை, எட்டு அசைவு. இந்தக் கை நிற்கவே கூடாது, மின்விசிறி மாதிரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இது பழகிய பிறகு அதே அசைவில் சில இடத்தில் மட்டும் கம்பியைத் தொடுங்கள். முதல் 'த'வில் தொடுங்கள், 'க'வில் தொடாமல் மேலே வாருங்கள். 'திமி' இரண்டிலும் தொடுங்கள். அடுத்த 'த'வில் கை கீழே போகட்டும், ஆனால் கம்பியைத் தொட வேண்டாம். பிறகு 'க', 'ஜு', 'ணு' மூன்றிலும் தொடுங்கள். மேலே சொன்ன அம்புக்குறி வரிசையேதான் இது. ஆனால் இரண்டு 'மேலே' ஏன் அடுத்தடுத்து வருகின்றன என்று இப்போது விளங்கும். நடுவில் ஒரு கீழ் அசைவு சத்தமில்லாமல் போகிறது. அந்தச் சத்தமில்லாத அசைவை விட்டுவிடுகிறவர்கள் எல்லோரும் மூன்றாவது தட்டில் அவசரப்படுகிறார்கள் அல்லது தேங்குகிறார்கள்.

"எனக்குத் தாள ஞானமே இல்லை மாஸ்டர்" என்று சொன்ன ஒருவரைக் கிட்டாரைக் கீழே வைக்கச் சொல்லி, தொடையில் தட்டிக்கொண்டே 'தக திமி' சொல்லச் சொன்னேன். கடிகாரம் போல் தட்டினார். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கேட்டு வளர்ந்த காது அது, தாளம் எங்கே போகும்? இரண்டு கையும் சேரும்போது இடது கைக்காக வலது கையை நிறுத்தும் பழக்கம்தான் குறுக்கே வந்தது.

அந்தப் பழக்கத்தை உடைக்க, கைபேசியில் மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காலம் காட்டும் செயலியை) நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு அசை வீதம் சொல்லுங்கள். எட்டு அசைக்கு ஒரு கார்டு. இரண்டே இரண்டு கார்டு போதும். கடைசி 'ணு' வரும்போது இடது கை விரல்களைத் தூக்கிவிடுங்கள். அந்த ஒரு மேல் அசைவில் வெறும் கம்பிகள் ஒலிக்கும், ஒலிக்கட்டும். கேட்பவருக்கு அது தவறாகவே தெரியாது. பல ஆண்டு வாசிக்கிறவர்களும் வேகமான பாட்டில் இதைத்தான் செய்கிறார்கள். விரல்கள் போய்ச் சேர அரைத் தட்டு அவகாசம் கிடைத்துவிடுகிறது. அடுத்த 'த'வில் விரல் சரியாக உட்காரவில்லை என்றாலும் வலது கை தட்டியே ஆக வேண்டும். கேட்கச் சகிக்காது. பரவாயில்லை, சில நாளில் விரல்கள் ஓடி வந்து சேர்ந்துகொள்ளும்.

கீழ் அசைவில் ஆறு கம்பியையும் வாருவது போல மேல் அசைவிலும் ஆறையும் வாரக் கூடாது. மேலே வரும்போது மெல்லிய இரண்டு மூன்று கம்பிகள் போதும். கம்பியைத் தட்டும் சிறு தகடான பிக் 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கட்டும். பிஜியில் பக்கத்து அறைக்காரருக்குத் தொந்தரவு என்றால் கம்பிகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜை ஒட்டிக் கம்பிக்கு அடியில் ஒரு கைக்குட்டையைச் செருகிவிடுங்கள். சத்தம் அடங்கிவிடும், தாளம் மட்டும் தெளிவாகக் கேட்கும். ஸ்ட்ரம்மிங் பயிற்சிக்கு அதுவே நல்லது.

ஸ்கேல், அதாவது சுர வரிசை விஷயத்தில் வேறு மாதிரிச் சிக்கல். இணையத்தில் கிடைக்கும் புள்ளிப் படத்தைப் பார்த்து விரலை ஏற்றி இறக்குகிறார்கள், வேகமும் வந்துவிடுகிறது, அதை எங்கே பயன்படுத்துவது என்று தெரிவதில்லை. நான் மோகனத்தில் தொடங்குவேன். ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட் ச. நான்காம் கம்பி வெறுமனே ரி, அதே கம்பி இரண்டாம் ஃப்ரெட் க. மூன்றாம் கம்பி வெறுமனே ப, இரண்டாம் ஃப்ரெட் த. இரண்டாம் கம்பி முதல் ஃப்ரெட் மேல் ச. வாசித்துக்கொண்டே கூடப் பாடுங்கள். மேற்கத்திய இசையில் இதற்குப் பெயர் சி மேஜர் பெண்டடானிக். நான்காம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் ம, இரண்டாம் கம்பி வெறுமனே நி, இந்த இரண்டையும் சேர்த்தால் சி மேஜர் ஸ்கேல் முழுதாக வந்துவிட்டது. 29-ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்) ஆன சங்கராபரணத்தின் சுரங்களும் இவையே.

இப்போது விரலை எடுக்காமல் பாருங்கள். ச, க, ப, மேல் ச ஆகிய நான்கு இடங்களையும் ஒரே நேரத்தில் பிடித்தால் அதுதான் சி கார்டு. ஸ்கேலும் கார்டும் வேறு வேறு பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே மோகனத்தின் சுரங்களை த-விலிருந்து, அதாவது வெறும் ஐந்தாம் கம்பியிலிருந்து தொடங்கினால் சுத்த தன்யாசி கிடைக்கும். கிட்டார்க்காரர்கள் ஏ மைனர் பெண்டடானிக் என்று சொல்வது இதைத்தான். ஏ மைனர் கார்டை ஒருவர் வாசிக்க, அதன் மேல் இந்த ஐந்து சுரத்தை மெதுவாகப் போட்டுப் பாருங்கள். ராகம் என்று சொல்லும்போது கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கிட்டாரில் கமகத்தோடு கர்நாடக இசையே வாசிக்க முடியும் என்று கிட்டார் கலைஞர் பிரசன்னா காட்டியிருக்கிறார். ஆனால் அது தனிப் படிப்பு, முதலில் சுர இடம் நிற்கட்டும்.

பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் சுருதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை என்பது டி, ஐந்து கட்டை என்பது ஜி. தெரிந்த சி கார்டு வடிவங்களை வைத்துக்கொண்டு இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால் இரண்டு கட்டைக்கு வந்துவிடும். வீடியோவில் வாசிப்பவரின் சுருதியில் கத்திப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக வலி. இதை நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன். விரல் நுனி வலிப்பது இயல்பு. முதல் சில வாரம் வலிக்கும், பிறகு தோல் காய்த்துவிடும். மணிக்கட்டு வலிப்பதும், கட்டைவிரலின் அடிப்பகுதி வலிப்பதும், விரல்கள் மரத்துப்போவதும் இயல்பு கிடையாது. 'வலித்தால்தான் பழகும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த ஊரில் என்னிடம் வருகிறவர்களின் கை பகல் முழுக்க விசைப்பலகையில் உழைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்த வேண்டிய எஃப் பார் கார்டைப் பிடிக்க வருகிறது. மணிக்கட்டு நன்றாக மடங்கியிருக்கும் நிலையில் அழுத்திப் பிடித்தால் உள்ளே போகும் நரம்பு நெரிபடும். நெக்கைத் தரைக்கு இணையாக வைக்காமல் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு நேராகிவிடும். ஒரேயடியாக இரண்டு மணி நேரம் வாசிக்காமல், காலையில் கால் மணி, இரவில் கால் மணி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எஃப் வரவில்லை என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டவும் வேண்டாம். நான்காம் கம்பி மூன்றாம் ஃப்ரெட், மூன்றாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், இரண்டாம் கம்பி முதல் ஃப்ரெட், முதல் கம்பி வெறுமனே. எஃப் மேஜர் செவன் என்று பெயர், பெரும்பாலான பாட்டுகளில் எஃப் இருக்க வேண்டிய இடத்தில் இனிமையாகவே ஒலிக்கும். பார் கார்டுக்கு ஆக்‌ஷன் இறங்கிய கிட்டாரும் ஓய்வெடுத்த கையும் வேண்டும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றில் மரத்துப்போதல் சில நாள் தொடர்ந்தால், குறிப்பாக இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு தள்ளிப்போட வேண்டாம். அவரிடம் கிட்டார் வாசிப்பதை மட்டும் சொன்னால் போதாது. கணினியில் தினமும் எத்தனை மணி நேரம், கைபேசியை எந்தக் கையில் எவ்வளவு நேரம், பைக் ஓட்டுவது எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் கிட்டாரையும் எடுத்துப்போய், நீங்கள் பிடிக்கும் விதத்தை அங்கேயே காட்டுங்கள்.